பழைய கடிதம் வச்சிருக்கிற ஆக்கள் வாசிங்க: கோட்டைமுனைப் பக்கம் ஒரு பைண்டிங் கடை

மட்டக்களப்பு டவுன் பக்கம் பழைய கடிதம், பேர்த் சேர்டிபிகற், காணி உறுதி, கல்யாண போட்டோ எண்டு எதையாச்சும் வச்சிக்கிட்டு அது பொடிஞ்சி போகுதே, என்ன செய்யிறதெண்டு யோசிக்கிற ஆக்களுக்காகத்தான் இத எழுதுறன். கோட்டைமுனைப் பக்கம் பெரிய றோட்டால உள்ளுக்க இறங்குற ஒழுங்கை ஒண்டுல, வீட்டோட சேர்த்து முன்னுக்கு ஒரு பத்தி இறக்கி நடத்துற பைண்டிங் கடை. போர்ட் ஒண்டு தொங்குது ஆனா வெயில்ல எழுத்தெல்லாம் போயிட்டு, அதனால பேர் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது. அவடத்த நிக்கிற ஓட்டோக்காரர் ஆரிட்டயும் பைண்டிங் ஐயாட வீடு எண்டு கேளுங்க, காட்டுவாங்க.

நான் போனது எங்கட கடிதத்துக்காக இல்ல, அது பிறகு வந்த கத. முதல் போனது ஸ்கொட்லாந்துக் கடிதங்களோட.

என்ட தங்கச்சி முடிச்சது ஸ்கொட்லாந்தில டண்டி எண்ட ஊர் ஆள. போன வருசத்தில இருந்து ரெண்டு பேரும் கல்லடியில எங்களோடதான் இருக்காங்க. அவர்ட அம்மம்மாட தகப்பன் முதலாம் உலக யுத்தத்துக்குப் போன மனுசன், பிளக் வோச் ரெஜிமென்ற்ல 4ம் பட்டாலியன், அது டண்டி ஊர்ப் பொடியன்மாரச் சேர்த்து எடுத்த படை, 1915 பெப்ரவரி கடைசில பிரான்சில போய் இறங்கினவங்க. அங்க இருந்து தாய்க்கும் பொஞ்சாதிக்கும் எழுதின கடிதம் 23, அட்டை 5. நூறு வருசத்துக்கு மேல ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள இருந்தது. அங்க குளிருக்குள்ள இருக்கும்வரைக்கும் ஒண்டும் ஆகல்ல, கல்லடிக்கு வந்து ஆறு மாசத்தில டின் கறல் புடிக்கத் தொடங்கிட்டு. கடற்கரையில இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவல்ல, இரும்பு கேற்றையே திண்டு தீர்க்கிற உப்புக்காத்து. கடிதத்தக் கோத்திருந்த குண்டூசி கறல் ஊறி, நாலு தாளில மண்ணிறமா ஓட்டை விழுந்திட்டு. அதப் பார்த்து தங்கச்சிட மனுசன் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல்ல.

முதல் நாங்க போனது இந்தக் கடைக்கில்ல. டவுனுக்குள்ள ஒரு கொமினிகேசனுக்குத்தான் போனம், பேர் சொல்ல வேணாம். ஸ்கான் பண்ணத்தான் கொண்டு போனது. நாங்க கவுண்டர்ல மற்றக் கடிதங்கள எடுத்து வைக்கிறதுக்குள்ள அங்க நிண்ட தம்பி நல்லது செய்யிறனெண்டு நினைச்சி ஒரு அட்டைய லெமினேற் மெசினுக்குள்ள விட்டுட்டார். சூடா மறுபக்கம் வருது, பளபளண்டு. அது போக இன்னொரு கடிதத்தில ஊத்தை இருக்கெண்டு ஈரத்துணியால லேசா ஒரு இழுவை இழுத்தார், பென்சிலால எழுதின கறுப்பு எழுத்து அப்பிடியே ஊதாவா மாறி ஊறிப் போச்சு. தங்கச்சி கத்திட்டாள். தம்பில பிழை சொல்லி வேலயில்ல, அவருக்கு ஆரும் சொல்லித் தரல்ல, ஆனா லெமினேற் பண்ணினது பண்ணினதுதான், சூட்டில உருகி கடதாசிக்குள்ள இறங்கின பிளாஸ்ரிக்க இனிக் கழட்டுறதெண்டா கடதாசியும் சேர்ந்து வரும். அதனால முதல் சொல்றது இதான், உங்கட வீட்டு ஒரிஜினல் எதையும் லெமினேற் பண்ணாதீங்க, கொப்பி எடுத்து கொப்பிய லெமினேற் பண்ணுங்க.

அதுக்குப் பிறகுதான் எங்கட அம்மா இந்தக் கடைய ஞாபகப்படுத்தினா. அவ இங்கிலீஸ் ரீச்சரா இருந்த காலத்தில பள்ளிக்கூட லைபிரரிப் புத்தகமெல்லாம் இவரிட்டத்தான் பைண்ட் பண்ணக் குடுக்கிறதாம். போனம். ஐயாக்கு எழுபதுக்கு மேல இருக்கும், அவர்ட மகளும் கூட நிண்டு வேல செய்யிறா. கடிதத்த வாங்கல்ல அவர். முதல் போய் கை கழுவி, துவாயால துடைச்சி, காயும்வரைக்கும் நிண்டு, மறுகா மேசையில வெள்ளத் தாள் ஒண்டு விரிச்சி இதுல வையுங்க மகள் எண்டார். அந்த இடத்திலயே எனக்கு மனம் ஆறிட்டு.

ஊதாவாப் போன கடிதத்தப் பார்த்த உடன அவர் சொன்னது, இது கொப்பியிங் பென்சில் மகள், தண்ணி காட்டவே கூடாது. பார்வைக்கு சாதாரண பென்சில் மாதிரித்தான், ஆனா கரியோட சாயமும் கலந்திருக்கு, ஈரம் பட்டா சாயம் எழும்பி ஊதாவாகும், அழிரப்பரால அழியவும் மாட்டாது. அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகங்கள்ல இத நிறையக் கண்டிருக்கேன் எண்டார். பங்கருக்குள்ள மைப் போத்தலக் கொண்டு திரிய ஏலாதுதானே, பட்டாளத்துக்காரர் கனபேர் எழுதினது இந்தப் பென்சிலாலதானாம், தங்கச்சிட மனுசன் சொன்னார். மறுகா ரெண்டு பேரும் ஒரு சாதிப் பாசை பேசத் தொடங்கிட்டாங்க, இவருக்குத் தமிழ் அரைகுறை, ஐயாக்கு இங்கிலீஸ் அரைகுறை, கடதாசியத் தொட்டுத் தொட்டுப் பேசினாங்க, நான் இடைக்குள்ள போகவே இல்ல.

ஐயாட வேலைக்கு ஒரே ஒரு சட்டம். எதச் செஞ்சாலும் நாளைக்கு இன்னொராள் அதத் திருப்பி எடுக்கக்கூடிய மாதிரிச் செய்யணும். அவர்ட தகப்பன் கண்ணகி அம்மன் கோயில் ஏடுகளுக்கு மரச்சட்டம் மாத்தி கயிறு மாத்திக் குடுக்கிற ஆளாம், வைகாசிச் சடங்கு வரமுதல் சிவப்புத் துணியில சுத்தினபடி வீட்டுக்கு வருமாம். ஏட்டுக்கு எண்ண பூசலாம், கடதாசிக்கு எண்ண ஆகா, ஆனா ரெண்டுக்கும் அவசரம் ஆகா எண்டார்.

அவர் செஞ்சது என்னெண்டா, குண்டூசியெல்லாத்தையும் இழுத்துப் புடுங்காம, கறல மெல்லச் சுரண்டி ஊசி தானா நழுவுற மாதிரி எடுத்தார். மடிப்ப ஒரே நாளில விரிக்கல்ல. தட்டையான ரெண்டு மட்டைக்கு நடுவில வச்சி மேல கொஞ்சம் பாரம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஒட்டினது எதுவும் இல்ல, கடிதத்தில பசை படவே விடல்ல. ஒவ்வொரு கடிதத்துக்கும் நாலு பக்கமும் மடிஞ்சி மூடுற கடதாசி உறை, அமிலமில்லாத தாள் மட்டக்களப்பில கிடைக்கல்ல, அத தங்கச்சிட மனுசன் ஊர்ல இருந்து எடுப்பிச்சுக் குடுத்தார். எல்லா உறையும் அடுக்குற மாதிரி தடிச்ச மட்டையில துணி போட்ட ஒரு பெட்டி. மூடி இறுக்கமா ஆனா காத்து அடையாம இருக்கு. உள்ளுக்க பூச்சி உருண்டை போடக் கூடாது, வெளிச் சுவரோட ஒட்டின அலுமாரில வைக்கக் கூடாது, மாரியில சுவர் வேர்க்கும் எண்டு சொல்லி விட்டார்.

ஸ்கான் செய்யிறது மகள்காரி. கண்ணாடி மேல தாளக் கவுத்து வைக்கிற ஸ்கானர், இழுத்து விழுங்குற மெசின் இல்ல, அத முதலே கேட்டுப் பாத்துக்கங்க எந்தக் கடைக்குப் போனாலும். முன்பக்கம் பின்பக்கம் என்வலப் எல்லாம் 600 டிபிஐல எடுத்து, பென்ரைவ்ல பெரிய பைலும் வட்ஸ்அப்ல அனுப்பக்கூடிய சின்ன பைலும் தனித்தனியாத் தந்தா. வெறுமையா இருந்த பின்பக்கத்தையும் விடல்ல, ஏனெண்டா சிலதுல பின்னால அழுத்தின எழுத்து தடமாத் தெரியும்.

இப்ப புத்தகத்துக்கு வாறன், எனக்கு ஆகப் புடிச்சது அதுதான். கடிதத்தப் பெட்டிக்குள்ள வச்சாச்சு, இனிக் கையில எடுத்து வாசிக்கிறதுக்கு இடப்பக்கம் கடிதத்திட படம், வலப்பக்கம் மேல இங்கிலீஸ் கீழ தமிழ் எண்டு மூண்டு புத்தகம் செஞ்சம். தமிழ் ஆக்கினது எங்கட அம்மா. அந்த மனுசன் எழுதினது முழுக்க டண்டிப் பேச்சு, அம்மா டிக்சனரி வச்சிக்கிட்டு மாரடிச்சா. பீஸ் எண்டு ஒரு சொல் வருது, அம்மா துண்டு எண்டு எழுதி வச்சிட்டா, பிள்ளைகளுக்குத் துண்டு குடு எண்டா என்ன துண்டு, கடைசில பார்த்தா அங்க பாணுக்கு ஜாம் பூசித் தாறதத்தான் பீஸ் எண்டு சொல்றதாம். ட்ரீஹ் எண்டு இன்னொண்டு, சூரியனக் காணாம நாள் முழுக்கத் தூறிக்கிட்டுக் கிடக்கிற நாள், அம்மா ஒரு கிழமை யோசிச்சி மப்பும் மந்தாரமும் எண்டு போட்டா. ஆகலும் அழகு என்னெண்டா ஒவ்வொரு கடிதமும் தொடங்குற விதம். நான் நல்ல சுகம், இது கிடைக்கும்போது நீங்களும் அப்பிடியே இருப்பீங்க எண்டு நம்புறன், இதான். அம்மா இங்கிலீஸ்ல இருந்து அதத் தமிழாக்கவே இல்ல, நாங்க கடிதம் எழுதின காலத்தில எப்பிடித் தொடங்குவமோ அப்பிடியே எழுதினா, நான் இங்கு நலம், அதுபோல் உங்கள் நலத்துக்கும் இறைவனை வேண்டுகிறேன். பொருந்திட்டு.

டண்டி சணல் ஊர். சணல் வங்காளத்தில இருந்து கப்பல்ல போகும், திமிங்கில எண்ண விட்டு இளக்கி, நூலாக்கி, சாக்காக்குற மில்லுகள். அங்க மில்லுக்குப் போறது கூடுதலா பொம்புளைகள், இந்த மனுசன்ட பொஞ்சாதியும் அதுதான். யுத்தம் வந்ததும் அந்த மில்லுகள் மண்மூட்டைக்குச் சாக்கு அடிச்சதாம். ஒரு கடிதத்தில அவர் கேக்கிறார், நான் சாஞ்சிருக்கிற இந்தச் சாக்கு உன்ட மில்லுச் சாக்கா இருக்குமோ எண்டு. மண்மூட்டைக்குப் பின்னால இருந்து வளந்த ஊர் எங்கட ஊரும், அம்மா அந்த வரியத் தமிழாக்கிட்டு கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு எழும்பிப் போயிட்டா.

இன்னொரு விசயம் எனக்குத் தெரியவே தெரியாது. இந்த 4ம் பட்டாலியனப் போட்டது இந்தியப் படையோட, மீரட் டிவிசன், பரெய்லி பிரிகேட். அதனால கடிதங்களில கூர்க்கா வாறாங்க, தலப்பாகை கட்டின ஆக்கள் வாறாங்க, அவங்கட அடுப்பில ரொட்டி வாங்கித் திண்டது வருது, குளிர்ல அவங்க படுற பாட்டப் பார்த்து இவர் கவலப்படுறார். அந்த இந்தியச் சிப்பாய்மார் வீட்டுக்கு எழுதினதையும் தணிக்கை அதிகாரிகள் எடுத்து மொழிபெயர்த்து வாசிச்சிருக்காங்க.

வாசிக்காத கடிதமே அங்க இல்லாத மாதிரித்தான். கொம்பனி அதிகாரி ஒவ்வொண்டையும் பார்த்துத்தான் விடணும், ஊர்ப் பேர் எழுத ஏலாது, படை எங்க போகுதெண்டு எழுத ஏலாது. பிறகு பச்சை என்வலப் எண்டு ஒண்டு குடுத்திருக்காங்க, அதுக்கு மேல அச்சடிச்ச ஒரு உறுதிமொழி, உள்ளுக்க இருக்கிறது சொந்த விசயமும் குடும்ப விசயமும் மட்டும்தான் எண்டு சத்தியமா கையெழுத்து வைக்கணும், அப்பிடி வச்சா தன்ட சொந்த அதிகாரி வாசிக்கமாட்டார், பின்னுக்கு இருக்கிற படைத் தளத்தில எடுத்துப் பார்த்தாத்தான். இவர்ட 23ல 6 பச்சை. அட்டை எண்டது அத விடச் சின்னது. நான் நல்ல சுகம், ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு, உங்கட பார்சல் கிடைச்சது எண்டு வரி வரியா அச்சடிச்சிருக்கும், பொருந்தாத வரிய வெட்டி விடணும், கூடுதலா ஒரு சொல் எழுதினாலும் அட்டைய அழிச்சிருவம் எண்டு மேலயே போட்டிருக்கு. லண்டன்ல ரீஜன்ற்ஸ் பார்க்ல மரத்தால கட்டின பெரிய தபால் கொட்டகையில உச்ச காலத்தில ஒரு கிழமைக்கு 1 கோடி 20 லட்சம் கடிதமும் 10 லட்சம் பார்சலும் பிரிச்சிருக்காங்க, பிரிச்சது கூடுதலா பொம்புளைகள்.

கடைசி அட்டை 1915 செப்டம்பர் மூண்டாம் கிழமை. வெட்டாம விட்ட வரி மூண்டு. நான் நல்ல சுகம். பார்சல் கிடைச்சது. வசதி கிடைச்ச உடன கடிதம் எழுதுறன். செப்டம்பர் 25 பிரான்சில லூஸ் எண்ட ஊர்ச் சண்ட. அண்டைக்கு அந்தப் பட்டாலியன்ல போன ஆக்கள்ல பாதிப் பேருக்கு மேல செத்தோ காயப்பட்டோ போனாங்க, இவர் திரும்பல்ல, உடம்பும் கிடைக்கல்ல, லூஸ் நினைவுச் சுவரில 20,000க்கு மேல பேர் இருக்கு, அதுல ஒண்டு இவர்ட. டண்டியில லோ எண்ட குன்று உச்சியில நினைவுத் தூண் ஒண்டிருக்கு, இப்பவும் ஒவ்வொரு செப்டம்பர் 25ம் அதுல விளக்கு ஏத்துறாங்களாம். தங்கச்சிட மனுசன் சின்ன வயசில படுக்கிற அறை யன்னலால அந்த வெளிச்சத்தப் பார்த்துக்கிட்டு நித்திர கொண்டவராம்.

இந்தக் கதையெல்லாம் ஐயா வேல செய்யச் செய்யக் கேட்டுக்கிட்டே இருந்தார். ஒரு நாள் கேட்டார், உங்கட வீட்டுல ஒரு கடிதமும் இல்லயா மகள் எண்டு.

இல்ல எண்டுதான் வாய்ல வந்தது. எங்கட ஆக்களிட்ட எங்க பழைய கடிதம்? 1978 நவம்பர் சூறாவளியில கூர பறந்து அப்பப்பாட பெட்டகம் நனஞ்சி போனது, 90ல ஓடின ஓட்டத்தில மிச்சம், 2004ல கடல் வந்து கல்லடி வீட்டுல நிலமட்டும்தான் மிஞ்சினது. ஆனா ஒண்டு இருந்தது. மாமா, அம்மாட தம்பி, 91ல தடுப்பில இருந்த காலத்தில செஞ்சிலுவைச் சங்கத்தால வந்த ஒரு பாரம், கடிதம் எழுதுற படிவம். அம்மா அத அடையாள அட்டையோடயும் பிறப்புப் பத்திரங்களோடயும் ஒரே பேக்ல வச்சி, எங்க ஓடினாலும் அந்த பேக்கோடதான் ஓடுவா, சுனாமியண்டைக்கு அந்த பேக் செங்கலடியில பெரியம்மா வீட்டுல இருந்தது, அதால தப்பினது. அந்தப் பாரம் கண்ட ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒட்டாம திறந்தபடிதான் வரும், குடும்ப விசயம் மட்டும்தான் எழுதலாம். நாலா மடிச்சி மடிச்சி மடிப்பு கிழிஞ்சி, அம்மா செலோரேப் ஒட்டி, அது இப்ப மஞ்சளாகி, தேன் நிறத்தில எழுத்துக்கு மேல படர்ந்திருக்கு.

மாமா எழுதினது ஏழு வரி. நான் இங்கு நலம் எண்டு தொடங்குது. சிவப்பி கண்டு போட்டதா, கிணத்துக்குக் கட்டு கட்டியாச்சா, அம்மாக்கு முட்டுவருத்தம் எப்பிடி, சின்னவள் பள்ளிக்குப் போறாளா. அவ்வளவுதான். அந்தச் சின்னவள் நான். டண்டி மனுசனும் அதையேதான் கேட்டிருக்கார், வாடகை கட்டியாச்சா, கோழி முட்டை இடுதா, மூத்த பிள்ளைட இருமல் எப்பிடி எண்டு. குடும்ப விசயம் மட்டும் எழுது எண்டு ஒராளுக்குச் சொன்னா, அவன் எழுதாம விட்ட அவ்வளவும் அந்த மாட்டுக்குள்ளயும் கோழிக்குள்ளயும்தான் கிடக்கு. இத நான் இவ்வளவு காலமும் யோசிக்கல்ல, பாரத்த எடுத்துப் பார்க்கவும் இல்ல. மாமா திரும்பி வந்தார், ஆனா அந்தக் காலத்தப் பத்தி ஒரு சொல் பேசாமலே போயிட்டார்.

ஐயா அந்தப் பாரத்துக்கு எடுத்தது பத்து நாள். செலோரேப் பசை கடதாசிக்குள்ள ஊறிட்டு, அந்தக் கறை போகாது எண்டு முதலே நேரா சொன்னார், அது எனக்கு நல்லாப் புடிச்சது. காஞ்சி தானா எழும்பின பிளாஸ்ரிக் மேல்தோல மட்டும் எடுத்தார், எழும்பாததத் தொடல்ல. கிழிஞ்ச மடிப்புக்குப் பின்னால ரிசுத்தாள் மாதிரி மெல்லிய தாள, மாப்பசையத் தண்ணியா வச்சி ஒட்டினார், துருசு போடாத பசை, வேணுமெண்டா ஈரம் காட்டிக் கழட்டலாமாம், மாமா எழுதினது போல்பொயின்ற் பேனயால அதால அது பயமில்ல. இப்ப விரிச்சா முழுசா நிக்குது. இன்னொரு உறை, ஒரு சின்னப் பெட்டி.

குறை சொல்லணுமெண்டா இருக்கு. ரெண்டு கிழமை எண்டு சொன்ன வேல அஞ்சு கிழமை எடுத்தது, போன் எடுத்தா மகள்காரி எடுப்பா, அவ இல்லாட்டி போன் அடிச்சிக்கிட்டே கிடக்கும். புத்தகத்துக்கு மேல போட தங்கச்சி மருதமுனையில போய் கைத்தறித் துணி தேடி எடுத்தாள், கடும்பச்சையும் கருநீலமும் கலந்த கட்டம், பிளக் வோச் பட்டாளத்துப் பாவாடத் துணி கிட்டத்தட்ட அந்த நிறம்தான். அந்தத் துணிக்குப் பின்னால தாள் ஒட்டி அட்டையில இழுத்துப் போட்டது அழகு, ஆனா மூண்டு புத்தகத்தில ஒண்டுல கட்டம் முதுகுப் பக்கம் கோணிட்டு, இன்னொண்டுல மூலையில பசை வெளிய கசிஞ்சி ஒரு அடையாளம். காட்டினன், மறுப்புச் சொல்லாம அந்தப் புத்தகத்துக்கு 500 ரூபா குறைச்சார். முதுகில தமிழ்த் தங்க எழுத்துக்கு அவரிட்ட அச்சு கொஞ்சம்தான் இருக்கு, இங்கிலீஸ் நல்லா வருது. தையல்ல குறையே இல்ல, தாள்கள மடிச்சி நூலால தைச்சது, பசையால மட்டும் ஒட்டினது இல்ல, மேசையில விரிச்சி வச்சா கை எடுத்தாலும் மூடாம நிக்கும். அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு கையும் மடியில வச்சபடி வாசிக்கிறா.

எங்களுக்கு முடிஞ்ச காசு, பெரிய பெட்டி உறைகளோட 6,500, புத்தகம் ஒண்டு 3,200, ஸ்கான் பக்கத்துக்கு 40, மாமாட பாரத்துக்கும் சின்னப் பெட்டிக்கும் சேர்த்து 1,500. காட் எடுக்கமாட்டாங்க, காசுதான். கொழும்புல கேட்டுப் பார்த்தம், அங்க கூட, அதோட கடிதத்த பஸ்ல அனுப்ப எங்களுக்கு மனம் வரல்ல.

லெமினேற் பண்ணின அந்த அட்டைய ஐயா என்ன செய்தாரெண்டா, ஒண்டும் செய்யல்ல. வெட்டவும் இல்ல உரிக்கவும் இல்ல, ஓரத்தில கூரா இருந்த பிளாஸ்ரிக் மூலைய மட்டும் வட்டமா வெட்டினார், மற்றக் கடிதங்கள்ல கீறாம இருக்கிறதுக்கு. அதையும் ஒரு உறைக்குள்ள போட்டு வரிசையில அதுட இடத்திலயே வச்சிட்டார்.

போறவங்களுக்கு, ஒழுங்கைக்குள்ள கார் திரும்பாது, பெரிய றோட்டுலயே விட்டுட்டு நடங்க. ஞாயிறு பூட்டு, போயா பூட்டு, மாமாங்கத் தீர்த்தம் நடக்கிற நாள்களும் ஐயாவக் காண ஏலாது. காலமை ஒன்பதுக்குப் பிறகு போங்க, பின்னேரம் வெளிச்சம் குறைஞ்சா அவர் பழைய தாளத் தொடமாட்டார். கொண்டு போகக்க பொலித்தீன் பேக்ல போடாம ரெண்டு மட்டைக்கு நடுவில வச்சிக் கொண்டு போங்க, மழ நாளெண்டா அடுத்த நாள் போங்க.